அப்ப எங்க போச்சு?

எங்கள் கடையில் எல்லாரும் அவரை மணியக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயரில் மணி எங்கேயும் கிடையாது. அவர் விற்ற பொருள் மணி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கழுத்தில் கட்டுகிற வெண்கல மணி. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மணிகளை வரவழைத்து, கழுத்துக் கயிற்றைப் பருத்தி நூலில் தானே பின்னி, இரண்டையும் கோத்து, போனில் ஒரு செயலி வழியாக விற்றுவந்தார்.

நான் அப்போது கோவில்பட்டி ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் பார்சல் கடை வைத்திருந்தேன். இப்போது மதுரைக்கு வந்துவிட்டேன். ஊரில் செயலி வழியாக விற்கிறவர்கள் அங்கே பெட்டியைக் கொண்டுவருவார்கள். நான் எடை போட்டு, முகவரிச் சீட்டை அச்சடித்து ஒட்டி, சாயங்கால வண்டியில் ஏற்றிவிடுவேன். நைட்டி விற்கிறவர், கடலை மிட்டாய் விற்கிறவர், பித்தளை விளக்கு விற்கிறவர் என்று பலர் வந்தார்கள். அவர்கள் முகம் எனக்கு மங்கிக்கொண்டு வருகிறது. மணியக்கா மட்டும் அப்படியே நிற்கிறார். மெலிந்த உயரமான உருவம், காதுக்குப் பின்னால் செருகிய பேனா, பெட்டியை மேசையில் வைக்கும்முன் ஒருமுறை குலுக்கிப் பார்க்கும் பழக்கம்.

இந்த வியாபாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நோய் உண்டு. பொருளை அனுப்பியிருப்போம். கொடுத்தாயிற்று என்று செயலி காட்டும். இரண்டு நாள் கழித்து வாங்கியவர் ‘பொருள் வரவில்லை’ என்ற பொத்தானை அழுத்துவார். செயலிக்காரர்கள் அவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விற்றவர் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். விற்றவருக்குப் பொருளும் இல்லை, காசும் இல்லை. முறையிடலாம். ‘பரிசீலித்தோம், ஏற்க இயலவில்லை’ என்று ஒரு வரி பதில் வரும்.

மற்றவர்கள் அந்த வரியைப் படித்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். மணியக்கா அப்படியில்லை. “வரலைன்னா, அப்ப எங்க போச்சு?” என்று கேட்பார். வாங்கியவரிடம் கேட்பார், வண்டிக்காரரிடம் கேட்பார், செயலிக்காரரிடம் கேட்பார், என்னிடமும் கேட்பார். “வெண்கலம் தம்பி. கற்பூரம் இல்ல, காத்துல கரைய. எங்கனயோ இருக்கும்லா?”

நைட்டி அண்ணாச்சிக்கு இது பிடிக்காது. கடைவீதியில் பழைய ஜவுளிக்கடைக்காரர், நிதானமானவர். நஷ்டத்துக்கு அவரிடம் ஒரு வழி இருந்தது.

“யம்மா, ஊர்ல நாலு களவாணி இருக்கத்தான் செய்வான். அவன் கொண்டு போனதைப் பொதுவுல எல்லாத்து விலையிலயும் துளித்துளியா ஏத்தி வச்சிரணும். ஒருத்தனுக்கும் வலிக்காது.”

“அப்ப ஒழுங்கா வாங்குதவன் களவாணிக்கும் சேத்து நைட்டி எடுத்துக் குடுக்கான். அப்படித்தான அண்ணாச்சி?”

“அப்படிச் சொன்னா வேவாரம் நடக்குமா?”

“நீங்க சொல்லிட்டுச் செய்யுங்க. ‘இதுல களவாணி பங்கும் இருக்கு’ன்னு கவர்ல அச்சடிச்சு ஒட்டுங்க. எத்தனை பேரு வாங்குதாவன்னு பாப்போம்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கையை விரித்தார். நான் சீட்டு ஒட்டுவதில் கவனமாக இருந்தேன். உண்மையில் ஊரில் பாதிப்பேர் அண்ணாச்சி வழியில்தான் போனார்கள். மீதிப்பேர், ‘வரவில்லை’ என்ற புகார் அதிகம் வரும் ஊர்களின் அஞ்சல் எண்ணை வாட்சப் குழுவில் போட்டு, அந்த ஊருக்கே அனுப்புவதில்லை என்று பூட்டிவிடுவார்கள். மணியக்கா மணியின் விலையை ஏற்றவும் இல்லை, எந்த ஊரையும் பூட்டவும் இல்லை.

மணிக்கு உள்ளே தொங்குவதை நாக்கு என்பார்கள். தூரம் அனுப்பும்போது அந்த நாக்கைத் துணியில் சுற்றிக் கட்டிவிடுவது வழக்கம். அவரும் தொடக்கத்தில் கட்டித்தான் அனுப்பினார். முதல் ‘வரவில்லை’ வந்த மறுவாரம் பெட்டிக்கு ஒரு மணியை நாக்குக் கட்டாமல் வைக்க ஆரம்பித்தார். வண்டி ஓட்டுகிற தம்பி இரண்டே நாளில் சண்டைக்கு வந்துவிட்டான்.

“யக்கா, ஒரு துணியைச் சுத்துனா என்ன குறைஞ்சு போவீக? பள்ளத்துல விழும்போதெல்லாம் கிணிகிணிங்குது. கயத்தாறு செக்போஸ்ட்ல ‘உள்ள என்னலே, கெடாவா?’ன்னு கதவைத் தொறக்கச் சொல்லுதான்.”

“நல்லா தொறந்து காட்டு. ஊர் பூரா கேக்கட்டும். இவ்வளவு சத்தம் போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்ததை வரலைன்னு சொல்லணும்னா அவன் காதையும் பொத்திக்கிடணும்லா.”

இதனால் புகார் குறைந்ததா என்றால், இல்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ‘வரவில்லை’ பொத்தானை அழுத்துகிற நெஞ்சுரம் உள்ளவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மதுரைக்கு வடக்கே காளை வளர்க்கிறவர். மணி வரவில்லை என்று பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பொங்கல் சமயம் அவர் காளையின் வீடியோ ஒன்று போனில் எல்லார் கைக்கும் வந்தது. காளை தலையை ஆட்டுகிறது, கழுத்தில் மணியக்காவின் கயிறு. இரட்டை முடிச்சுக்குக் கீழே சிவப்பு நூலில் ஒரு சுற்று விடுவது அவர் மட்டும் செய்வது. நான் கோபப்பட்டேன். மணியக்கா திட்டவில்லை. வீடியோவுக்குக் கீழே ஒரே வரி எழுதினார்: ‘மணி நல்லா இருக்கா அண்ணே? சத்தம் சரியா கேக்குதா?’

ஊர்க்காரர்கள் விவரம் கேட்டு எழுத ஆரம்பித்ததும் வீடியோ காணாமல் போயிற்று. அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த படத்தைச் செயலிக்காரர்களுக்கு அனுப்பினோம். ‘ஏற்க இயலவில்லை.’ பணம் வரவே இல்லை. அதற்காக மணியக்கா வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. “எங்க இருக்குன்னு தெரிஞ்சு போச்சு தம்பி. அவனுக்கும் எனக்குத் தெரியும்னு தெரிஞ்சு போச்சு. இனி அந்த மாடு தலையாட்டும்போதெல்லாம் அவன் என்னைய நெனப்பான்” என்றார்.

அவர் கேள்வி எப்போதும் சரியான ஆளிடம் போய்விடாது. கயத்தாறில் ஒரு டீச்சர், பசுவுக்கு மணி வாங்கியிருந்தார். வரவில்லை என்றார். மணியக்கா போனில் அவரைப் போட்டு எடுத்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுகிற வாயா இது என்று கேட்டபோது எதிரே நின்ற எனக்கே கூசியது. அடுத்த வாரம் அந்தப் பெட்டி, சீட்டு கிழிந்து, எங்கள் வண்டியின் இருக்கைக்கு அடியிலேயே கிடைத்தது.

மறுநாள் காலை பஸ் பிடித்து மணியக்கா கயத்தாறு போய்விட்டார். நான் வழியில் சரக்கு எடுக்க வேண்டியிருந்ததால் கூடப் போனேன். டீச்சர் கதவைத் திறந்ததும் பெட்டியை நீட்டி, “தப்பு எங்க மேலதான். பேசுன பேச்சுக்கு மன்னிச்சிக்கிடுங்க” என்றார். டீச்சர் சமாதானமாகி, “பரவாயில்ல, இனிமே இப்படிக் கேக்காதீங்க” என்றதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

“பேசுனது தப்பு டீச்சர். கேட்டது தப்பில்ல. கேக்கலைன்னா இது வண்டிக்கு அடியிலயே கெடந்து துருப்பிடிச்சிருக்கும்.”

“வெண்கலம் துருப்பிடிக்காதும்மா” என்றார் டீச்சர்.

“கருத்துப் போவும்லா” என்றார் அக்கா. அந்த வீட்டில் எங்களுக்குக் காப்பி கிடைக்கவில்லை.

இனி குளத்தூர் விஷயத்துக்கு வருகிறேன். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

அந்தப் பங்குனியில் செயலிக்காரர்களிடமிருந்து மணியக்காவுக்கு எச்சரிக்கை வந்திருந்தது. நீங்கள் அளவுக்கு மீறி முறையிடுகிறீர்கள், இன்னொரு முறையீடு தள்ளுபடியானால் உங்கள் கடை மூடப்படும் என்பது அதன் சாரம். நூற்பாலை ஆட்குறைப்பில் அக்காவின் வேலை போயிருந்தது. கணவருக்குப் பார்வை மங்கி அவரும் வீட்டில்தான் இருந்தார். போனுக்குள் இருந்த அந்தக் கடைதான் வீட்டுக்கு அடுப்பு.

அதே வாரத்தில் விளாத்திகுளம் தாண்டிக் குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், வாங்கிய மணி வரவில்லை என்று மூன்றாவது முறையாகப் பொத்தானை அழுத்தினார். மூன்று முறை வாங்கி, மூன்று முறையும் வரவில்லை என்றவர். அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. “தெரிஞ்சு செய்யுதான். ஊரைப் பூட்டு. முறையிடாத, கடை போயிரும். இந்த ஒரு தடவை விட்டுத் தொலையேம்மா.”

அக்கா போனை எடுத்தார். அந்தப் பக்கம் பேசியவர் ஆட்டுக் கிடை போடுகிறவர்.

“வரலை வரலைங்கீங்களே, அப்ப எங்க போச்சு?”

“அதை நான் உம்மகிட்ட கேக்கணும் தாயி. நீரு அனுப்புனாத்தான வரும்? மணி படத்தைக் காட்டி ஊரை ஏமாத்துதீரோ என்னமோ.”

அக்காவை அதுவரை யாரும் ஏமாற்றுக்காரி என்று சொன்னதில்லை. போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை வாரேன். எங்கன இருப்பீங்க?” என்றார்.

ஞாயிறு எனக்கும் கடை விடுமுறை. சீட்டு ஒட்டியவன் நான் என்பதால் நானும் போனேன். கரிசல் காட்டில் உளுந்தும் சோளமும் எடுத்த பிறகு ஆட்டு மந்தையை இரவில் அந்தக் காட்டிலேயே அடைத்துப் போடுவார்கள். புழுக்கை நிலத்துக்கு உரம். அதைக் கிடை என்பார்கள். சில நாள் ஒரு காட்டில், பிறகு அடுத்த காட்டில். நாங்கள் கண்டுபிடித்தபோது கிடைக்காரர் ஒரு உடைமரத்தடியில் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, “நெசமாவே வந்துட்டீரா!” என்றார். அந்தக் குரலில் பொய் இல்லை என்று எனக்கே பட்டது. அக்கா தன் போனில் இருந்த முகவரிச் சீட்டைக் காட்டி, எப்படிப் பதிந்தீர்கள் என்று கேட்டார்.

“வீட்டுப் பேரு போடுன்னுச்சு. நமக்கு வீடு எங்க இருக்கு? கிடைன்னு போடச் சொன்னேன், எங்க அக்கா மவன் இங்கிலீஸ்ல அடிச்சான்.”

நான் சீட்டைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் கிடை. ஒரே ஒரு எழுத்து மாறினால் அது கடை. செயலிக்காரர்கள் சார்பில் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன் திருநெல்வேலி டவுன்காரன், கிடை பழக்கமில்லாதவன். அவனைப் போனில் பிடித்தோம். “கடைன்னுதான் போட்டிருக்காவ, ஒரு எழுத்தைத் தப்பா அடிச்சிட்டாவன்னு நெனச்சேன் சார். அந்த ரோட்டுல ஒரே ஒரு டீக்கடைதான். அங்கன குடுத்துட்டேன்” என்றான். மூன்று முறையும்.

டீக்கடைக்காரர் வடை போட்டுக்கொண்டிருந்தார். மணி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆமா, வந்துச்சு. மூணு பெட்டி. பேரு இங்கிலீஸ்ல இருந்துச்சு, நமக்குத் தெரியாது. தூக்குனா உள்ள மணிச் சத்தம். பேரு சொல்லாம மணி அனுப்புதாவன்னா யாருக்கு அனுப்புவாவ? யாரோ வெளியூர்ல இருந்து நேந்துக்கிட்டு அனுப்புதாவன்னு, அய்யனாருக்குக் கட்டிட்டோம்.”

ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் அய்யனார் கோயில். முன்னால் நட்டிருந்த கம்பத்தில் பழைய மணிகளோடு மணியக்காவின் மணிகளும் வரிசையாகத் தொங்கின. சிவப்புச் சுற்று எல்லாக் கயிற்றிலும் இருந்தது. காற்றுக்கு லேசாகச் சத்தம் போட்டன. கிடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“புதுசா மணி கட்டியிருக்காவளே, நம்ம மணியும் இப்படி வந்து சேரணும்னு போன வெள்ளிக்கிழமை இங்கனதான் நின்னு கும்பிட்டேன்!”

டீக்கடைக்காரருக்கு விவரம் புரிந்துவிட்டது. கழற்றித் தந்துவிடவா என்றால் அது சாமியிடம் போன பொருள். தரமாட்டேன் என்றால் அது இன்னொருவர் பொருள். கையைப் பிசைந்தார். மணியக்கா கம்பத்தைச் சுற்றிவந்தார். போனை எடுத்து, அய்யனாரும் மணிகளும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுத்தார்.

“கழட்ட வேண்டாம் அண்ணே, இருக்கட்டும். நான் இந்த வேவாரத்துக்கு வந்து இத்தனை காலத்துல, வாங்குனதை வாங்குனேன்னு ஒத்துக்கிட்டது இந்த அய்யனாரு ஒருத்தருதான்.”

பெரிய சிரிப்பாகப் போய்விட்டது. கிடைக்காரர் இடுப்புப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார். செயலியிலிருந்து திரும்பி வந்த பணம், அது தன்னிடம் இருக்கக்கூடாது என்றார். அக்கா தொடவில்லை. “வராததுக்கு எதுக்குக் காசு? வரப்போறதுக்குக் குடுங்க” என்று ஒரு செட்டுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

அன்று ஊர் திரும்பியதும் அண்ணாச்சியும் நானும் தடுத்ததையும் மீறி அவர் முறையிட்டார். வாங்கியவர் சொன்னது உண்மை, நான் அனுப்பியதும் உண்மை, தவறான இடத்தில் கொடுத்தது உங்கள் ஆள், நஷ்டம் உங்களைச் சேர்ந்தது என்று எழுதச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தேன். அய்யனார் படத்தையும் சேர்த்தோம்.

வியாழக்கிழமை அவர்களே கூப்பிட்டார்கள். அக்கா போனை என் மேசையில் வைத்துச் சத்தத்தைத் திறந்துவிட்டார். அண்ணாச்சியும் அப்போது இருந்தார். பேசியது ஒரு பெண், சென்னைத் தமிழ், மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“மேடம், டெலிவரி ஆனதுக்கு எங்ககிட்ட ரெக்கார்ட் இருக்கு. வாங்கினவர் மூணு முறையும் பொய்யா கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கார்னு நீங்க ஒரு டிக் மட்டும் போட்டுட்டா, உங்க பணம் முழுசா வந்துரும். கடையும் அப்படியே இருக்கும்.”

“டிக் போட்டா அவியளை என்ன செய்வீங்க?”

“அவர் நம்பரை பிளாக் பண்ணிடுவோம் மேடம். இனி அவரால எதுவும் வாங்க முடியாது.”

ஆட்டுக்குப் பூச்சிமருந்து, மழைக்குத் தார்ப்பாய், டார்ச் லைட் எல்லாம் கிடைக்காரர் போனில் அந்தச் செயலியில்தான் வாங்குகிறார் என்பதை ஞாயிற்றுக்கிழமை கேட்டிருந்தோம். காட்டுக்குக் காடு நகர்கிறவருக்குக் கடைவீதி அதுதான்.

அண்ணாச்சி தாழ்ந்த குரலில், “ஒரு டிக்குத்தான யம்மா. போட்டுரு. அவரு வேற நம்பர் வாங்கிக்கிடுவாரு” என்றார். நானும் போட்டுவிடச் சொல்லிச் சைகை காட்டினேன். அக்கா வீட்டு நிலைமை தெரிந்த யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இன்றும் அது கெட்ட யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை.

மணியக்கா எங்கள் இருவரையும் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்துப் பேசினார்.

“தாயி, அவிய வரலைன்னாவ. வரலை. நான் போயிப் பாத்துட்டு வந்துட்டேன். இதுல பொய் எங்கன இருக்கு?”

“புரியுது மேடம். ஆனா சிஸ்டத்துல ரெண்டு ஆப்ஷன்தான் இருக்கு. வாங்கினவர் பொய், இல்லைன்னா விற்றவர் ஒப்புக்கிட்டார்.”

“மூணாவதா ஒண்ணு போடுங்க. ‘நாங்க தப்பா குடுத்துட்டோம்’னு.”

“அது இல்லை மேடம்.”

“ஏன் இல்லை? தப்பே பண்ணாதவியளா நீங்க?”

“நான் வெறும் பேசுற ஆள் மேடம். டிக் போடலைன்னா இன்னைக்கே கடையை மூட வேண்டியிருக்கும்.”

“உங்க மேல வருத்தமில்ல தாயி. நீங்க மூடுங்க. பொய் சொல்லாதவனைப் பொய்யன்னு எழுதிக் குடுத்துட்டு நான் அந்தக் கடையில என்னத்த விக்க?”

போனை வைத்தார். மேசையில் கிடந்த அட்டைப் பெட்டியை இழுத்து, கிடைக்காரர் பணம் கொடுத்த மணிகளை அடுக்க ஆரம்பித்தார். சிறிது நேரத்தில் அவர் போனில் கடைப் பக்கம் வெள்ளையாகிவிட்டது. மணிப் படங்கள், விலைகள், வாங்கியவர்கள் எழுதிய நல்ல வார்த்தைகள் எல்லாம் போயின.

“இனி எப்படி விப்பே?” என்று கேட்டார் அண்ணாச்சி. கிண்டல் இல்லாமல்தான் கேட்டார்.

“வாயிருக்குல்லா அண்ணாச்சி.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். கடையை அண்ணாச்சியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் போனேன். குளத்தூர் போகிற தனியார் பஸ் கிளம்ப நின்றது. அக்கா கிடைக்காரரைப் போனில் பிடித்து இன்று எந்தக் காடு என்று கேட்டுக்கொண்டார். பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டில் வந்து நின்று பஸ்ஸை மறியுங்கள் என்றார். பிறகு கண்டக்டரிடம் பெட்டியை நீட்டினார். அவர் தூக்கிப் பார்த்தார். உள்ளே மணி சத்தம் போட்டது.

“வாங்க ஆள் வரும்லா?”

“வரும்.”

“வரலைன்னா நான் கண்ட எடத்துல எறக்கிப்போட மாட்டேன் யக்கா. சொல்லிப்புட்டேன்.”

“எறக்காதீங்க. திருப்பிக் கொண்டாங்க. நான் இங்கனயே நிக்கேன்.”

“இங்கனயேவா? வண்டி திரும்பி வர விளக்கு வச்சிரும்.”

“வைக்கட்டும்.”

கண்டக்டர் பெட்டியை டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வைத்தார். பஸ் கிளம்பியது. எனக்குச் சாயங்கால வண்டிக்கு நேரமாகிவிட்டது, கடைக்குத் திரும்பினேன். நிலைய வாசலிலிருந்து பார்த்தபோது, பக்கத்தில் சிமெண்டு பெஞ்சு காலியாக இருந்தும் மணியக்கா உட்காரவில்லை. பஸ் போன பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.